கல்லூரி அடையாளப் பொருள்களும் மரபின் இயல்பும்

மரபு என்னும் சொல்லின் பெருமையைத் தமிழ் பயில்வோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஒரு மரபு எங்ஙனம் தோன்றுகின்றது, எங்ஙனம் உரம் பெறுகின்றது, எந்நிலையில் ஆராய்ச்சிக்கு உரியதாகின்றது என்பவற்றைப் பழைய நூல்களைக்கொண்டு மட்டும் காண்டல் அரிது. நமக்குக் கிடைப்பன பெரும்பாலும் முதிர்ந்த மரபுகளே. தோற்றமும் வளர்ச்சியும் முடிவும் ஆண்டுகளுடன் அறியக் கிடக்கும் மரபுகள் அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளிற் பல உள. அவற்றுள் மூன்றினை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நிறம். 1858ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நிகழ்ந்த படகுப் போட்டியில், கரையில் நிற்போர் தம் படகினை இனங்கண்டுகொள்ளுமாறு ஹார்வர்டுக் குழுவினர் செந்நிறக் கைக்குட்டைகளைத் தலையிற் கட்டினர். அவற்றை வாங்கியவருள் ஒருவரான சார்லசு எலியட்டு, பின்னர் 1869 முதல் 1909 வரை அப்பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கினார். அந்நிறம் உடனே நிலைபெற்றுவிடவில்லை. 1873இல் மாணவர் தொடங்கிய இதழ் மஜந்தா என்னும் வேறொரு நிறத்தின் பெயரையே பூண்டிருந்தது. 1875இல்தான் அது கிரிம்சன் எனப் பெயர் மாறிற்று. பல்கலைக்கழக ஆட்சியினர் அந்நிறத்தை முறைப்படி ஏற்றதோ 1910இல். எனவே, கரையோர் காண்டற்பொருட்டுக் கட்டிய துணி, ஆட்சியாளர் ஏற்கும் அடையாளமாக 52 ஆண்டுகள் சென்றன. போர்க்களத்தில் இன்ன வேந்தர் படை என்பது தெரிதற்பொருட்டே போந்தை, வேம்பு, ஆர் என்னும் பூக்கள் சூடப்பெற்றன எனத் தொல்காப்பியம் கூறுதலை இங்கு நினைவுகூரலாம். தேவை முன்னது, பெருமை பின்னது.

இரண்டாவது, டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் மோதிரம். 1876இல் பாடம் தொடங்கிய அக்கல்லூரியில் 1894இல் அமைந்த மோதிர வடிவம் பெரிதும் மாறாது வருகின்றது. 1963இல் கல்லூரி பல்கலைக்கழகமாகப் பெயர் பெற்றபோது மோதிரத்தின் எழுத்துகளும் அதற்கேற்ப மாறின. பட்டப்படிப்பின் பெரும்பகுதியை முடித்த மாணவரே இதனை அணிதற்குரியர். மாணவராயிருக்கும்வரை ஆண்டெண் தம்மை நோக்கியும், பட்டம் பெற்றபின் உலகினை நோக்கியும் இருக்குமாறு அணிவர். பொருள் ஒன்றே; அதனைத் திருப்பி அணியும் செயலே வாழ்வின் நிலைமாற்றத்தை உணர்த்துகின்றது. அடையாளப் பொருளின் ஆற்றல், அதனை வழங்கும் முறையிலேயே உள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது, அதே பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்பெற்ற பெருந்தீ. ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துடன் ஆண்டுதோறும் நிகழும் கால்பந்தாட்டத்தை முன்னிட்டு எழுந்தது இவ்வழக்கம். 1909 முதல் வளாகத்திலேயே இது நடைபெற்றது. தொடக்கத்தில் கழிமரங்களையும் குப்பையையும் குவித்து எரித்தனர். பின்னர் மாணவரே மரங்களை வெட்டிக் கொணர்ந்து அடுக்கலாயினர். 1969இல் அடுக்கின் உயரம் 109 அடியாயிற்று. குடியரசுத் தலைவர் கென்னடி கொலையுண்ட 1963இல் மட்டும் தீ மூட்டப்படவில்லை.

1999 நவம்பர் 18ஆம் நாள் பின்னிரவு 2.42 மணிக்கு, எழுப்பப்பட்டுக்கொண்டிருந்த அடுக்குச் சரிந்தது. பன்னிருவர் இறந்தனர், இருபத்தெழுவர் காயமுற்றனர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுக் குழுவின் அறிக்கை, அடுக்கின் உள்ளழுத்தத்தையும் அதனைப் பிணித்து நிறுத்தும் வலிமைக் குறைவையும் சுட்டியதோடு, பல்லாண்டுகளாகத் தொடர்ந்த மேற்பார்வைக் குறைகளையும் எடுத்துக்காட்டிற்று. பொறியியல் கற்பிக்கும் இடத்திலேயே, பொறியியல் முறைப்படி வரைந்த திட்டமின்றி அத்துணைப் பெரிய அடுக்கு எழுந்தது. ஏன்? முன்னோர் செய்தனர், நாமும் செய்கின்றோம் என்னும் எண்ணம் வினாவுக்கு இடந்தரவில்லை. மரபின் பெருமையே ஆராய்ச்சிக்குத் தடையாய் நின்றது என்பது எம் கருத்து.

அதன்பின் வளாகத்தில் அத்தீ வளர்க்கப்படவில்லை. 2024இல் அதனை மீண்டும் கொணர்தல் பற்றி ஆராய்ந்த பல்கலைக்கழகம், வேண்டாவென முடிவு செய்தது. மாணவர் சிலர் வளாகத்துக்கு வெளியே தாமே அதனை நடத்துகின்றனர்; அங்கே ஒவ்வொரு மரமும் நிலத்தைத் தொட்டு நிற்குமாறு அடுக்கு அமைகின்றது. சரிந்த இடத்திலோ 2004இல் நினைவிடம் ஒன்று எழுந்தது. வட்டமாய் அமைந்த அதில் பன்னிரண்டு வாயில்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இறந்தார் ஒருவரின் சொந்த ஊர் இருக்கும் திசையை நோக்கியது. அவற்றை இணைக்கும் இருபத்தேழு கற்கள் காயமுற்றோரைக் குறிக்கும். தீ அணைந்தது, கூடுதலும் நினைத்தலும் அணையவில்லை.

இம்மூன்றாலும் அறியப்படுவது யாது? அடையாளம் சிறு தேவையிற் பிறக்கின்றது. தொடர்ந்து வழங்குதலால் பொருள் பெறுகின்றது. பொருள் பெற்றபின் வினாவைத் தாங்காததுபோலத் தோன்றுகின்றது. அத்தோற்றம் பிழையானது. வடிவம் மாறியும் பயன் நிலைபெறும் என்பதற்கு அப்பன்னிரண்டு வாயில்களே சான்று. மரபினை ஆராய்வோர் அதன் வடிவத்தையும் பயனையும் வேறு பிரித்துக் காணல் வேண்டும். அங்ஙனம் காணுதல் மரபுக்குக் குறைவன்று. மரபினைக் காக்கும் வழியும் அதுவே.