11 ஆண்டு பள்ளி, 7 ஆண்டு படிப்பு: நாட்டின் திறமையை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு நாட்டில் எத்தனை டன் இரும்பு உருக்கினார்கள், எத்தனை கார் விற்றது என்பதையெல்லாம் எண்ணிவிடலாம். அந்த நாட்டு மக்களுக்கு என்ன தெரியும், என்ன வேலை செய்ய வரும் என்பதை எப்படி எண்ணுவது? படிப்பு, ஆரோக்கியம், கைத்தொழில் எல்லாம் சேர்ந்ததைத்தான் பொருளாதாரத்தில் 'மனித மூலதனம்' என்கிறார்கள். அதை அளக்கும்போதுதான் சிக்கலே ஆரம்பம்.

0.49 என்றால் என்ன?

உலக வங்கி 2018-ல் மனித மூலதனக் குறியீட்டை வெளியிட்டது. இன்று பிறக்கும் குழந்தை, முழுமையான கல்வியும் முழு ஆரோக்கியமும் கிடைத்தால் எட்டக்கூடிய உழைப்புத் திறனில் எவ்வளவை எட்டும் என்பதுதான் கணக்கு. குழந்தை 5 வயதைத் தாண்டுமா, எத்தனை ஆண்டு பள்ளிக்குப் போகும், தேர்வில் எவ்வளவு எடுக்கும், வயதுக்கேற்ற உயரம் இருக்கிறதா, 15 வயதுக்காரர் 60 வரை உயிரோடு இருப்பாரா ஆகிய ஐந்தையும் பார்ப்பார்கள்.

2020 பட்டியலில் இந்தியாவுக்கு 0.49. அதாவது பாதித் திறன்கூட இல்லை. 174 நாடுகளில் 116-வது இடம். வியட்நாமுக்கு 0.69.

4 ஆண்டுகள் எங்கே போச்சு?

இந்தியக் குழந்தை 18 வயதுக்குள் சராசரியாக 11.1 ஆண்டுகள் பள்ளிக்குப் போகும் என்கிறது அதே கணக்கு. ஆனால், தேர்வு மதிப்பெண் 399. உயர்தரத்துக்கான அளவுகோல் 625. அந்த விகிதத்தில் குறைத்தால், உண்மையில் கற்றது 7.1 ஆண்டுகளுக்கான படிப்புதான். மீதி 4 ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்ததோடு சரி.

உள்நாட்டு ஆய்வும் இதையே சொல்கிறது. 2022 'அசர்' ஆய்வின்படி, கிராமப்புறத்தில் 5-ம் வகுப்பு மாணவர்களில் 42.8 சதவீதம் பேரால்தான் 2-ம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது.

தமிழ்நாடு இதில் எங்கே வந்தது?

2018 பட்டியல் வந்ததுமே மத்திய நிதி அமைச்சகம் அதை நிராகரித்தது. அமைச்சகம் சொன்ன காரணங்களில் ஒன்று நியாயமானது. கல்வித் தரத்துக்கு எடுத்த மதிப்பெண், 2009 'பீசா' தேர்வுச் சுற்றைச் சேர்ந்தது. அதில் பங்கேற்றவை தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம் இரண்டு மட்டுமே. ரெண்டு மாநிலத்து மதிப்பெண்ணை வைத்து மொத்த நாட்டையும் எடை போட்டால் எப்படி? ஆனால், பழைய தரவு என்று குறை சொன்ன இந்தியா, 2012, 2015, 2018, 2022 சுற்றுகளில் கலந்துகொள்ளவே இல்லை. தேர்வே எழுதாவிட்டால் புது மதிப்பெண் எங்கிருந்து வரும்?

மெக்கானிக்குக்குத் 'திறன்' இல்லையா?

வேலை செய்பவர்களின் திறனை அளப்பது இன்னும் கஷ்டம். இந்தியத் தொழிலாளர்களில் 4.69 சதவீதம் பேரே முறையான பயிற்சி பெற்றவர்கள் என்றது 2015 தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை. தென் கொரியாவில் இது 96 சதவீதம். மீதிப் பேருக்கு வேலையே தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. சத்தத்தைக் கேட்டே இன்ஜின் கோளாறைச் சொல்லிவிடும் மெக்கானிக், அப்பாவிடம் தறி பழகிய நெசவாளி யாரும் இந்த 4.69-ல் வரமாட்டார்கள். அது எண்ணுவது சான்றிதழை, கைத்திறனை அல்ல.

அதனால்தான் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு, குடும்பத் தொழிலாகவோ வேலையிடத்திலோ கற்றதையும் தனியாகக் கேட்கிறது. 15-29 வயதினரில் 4.4 சதவீதம் பேர் முறையான பயிற்சியும், 16.6 சதவீதம் பேர் முறைசாராப் பயிற்சியும் பெற்றதாக 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை சொல்கிறது.

இதனால் யாருக்கு என்ன?

எதை எண்ணுகிறோமோ அதற்குத்தான் பணம் போகும். சான்றிதழை மட்டும் எண்ணினால், திட்டங்கள் சான்றிதழைத்தான் அச்சடிக்கும். கையில் காகிதம் இல்லாதவர், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சம்பளம் பேசும்போது ஒரு படி கீழேதான் நிற்க வேண்டியிருக்கிறது.

வேறு வழியும் உண்டு. வியட்நாம், கானா, கொலம்பியா போன்ற நாடுகளில் உலக வங்கியின் 'ஸ்டெப்' ஆய்வு, பெரியவர்களுக்கே வாசிப்புத் தேர்வு வைத்தது. வேலையில் என்ன வாசிக்கிறார்கள், என்ன கணக்குப் போடுகிறார்கள் என்றும் கேட்டது. இந்தியாவில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் 'முன்கற்றல் அங்கீகாரம்' பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அந்தச் சோதனை கறாராக நடந்தால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு, மெக்கானிக்குக்கும் மரியாதை.