பொம்பா வண்டிக்குப் பணம் கொடுப்பது யார்?

லயத்தில் ஒரு வீட்டில் தீப்பற்றினால் அது அந்த வீட்டோடு நின்றுவிடுவதில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகளில் தீ தாவிச் செல்ல அதிக நேரம் ஆகாது. உடனே பொம்பாவுக்குச் சொல்லி அனுப்புகிறோம். வண்டி வந்தால் வாழ்த்துகிறோம், தாமதமானால் ஏசுகிறோம். ஆனால் அந்த வண்டியை வாங்கியது யார் பணத்தில்? அதில் வருகிற வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. இன்று அதைத்தான் சிந்திக்கப் போகிறோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்வோம். தீயணைப்புப் படைக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஆகும் செலவில் பெரும்பகுதி, தீயை அணைப்பதற்கான செலவு அன்று, காத்திருப்பதற்கான செலவு. தீ இல்லாத நாளிலும் இரவு பகலாக ஆட்கள் விழித்திருக்க வேண்டும், வண்டி தயாராக நிற்க வேண்டும். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியாது. ஆகவே பணத்தை முன்கூட்டியே திரட்ட வேண்டும். எப்படித் திரட்டுவது, யாரிடம் திரட்டுவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வழி வேறுபடுகிறது.

சிங்கப்பூரில் உள்ள குவீன்ஸ்டவுனை எடுத்துக்கொள்வோம். நம்மில் சிலருக்கு அங்கே உறவினர்கள் இருக்கலாம். இரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கி வைத்த முனீஸ்வரன் கோயில் இன்றும் அந்த வட்டாரத்தில் இருக்கிறது. 1950-களில் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை கட்டத் தொடங்கிய இந்த நகருக்கு, எலிசபெத் அரசியார் முடிசூடியதை ஒட்டி அப்பெயர் வைக்கப்பட்டது. 1956-இல் அங்கே 14 மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. அத்தனை உயரத்துக்குத் தண்ணீரைக் கொண்டு போகவும் ஏணியை நீட்டவும் செலவு ஆகுமல்லவா?

அந்நாளில் சிங்கப்பூரின் தீயணைப்புப் படை நகராட்சியின் கீழ் இருந்தது. 1888-இல் முறையாக அமைக்கப்பட்ட படை அது. நகராட்சிக்கு முக்கிய வருமானம், வீடு நிலங்களின் மீது விதித்த வரி. கடைக்காரரும் வீட்டுச் சொந்தக்காரரும் கட்டிய பணத்தில்தான் தெருவிளக்கும் எரிந்தது, தீயணைப்பு வண்டியும் ஓடியது. வரி எவ்வளவு என்று பொதுமக்களிடம் வாக்குக் கேட்கவில்லை. வரி விதிக்கும் மன்றத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் மெல்ல மெல்லத்தான் வந்தது. 1949-இல் 27 உறுப்பினர்களில் 18 பேரை வாக்காளர் தேர்ந்தெடுத்தார்கள். 1957-இல்தான் நகரமன்றத்தின் 32 உறுப்பினர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1959-இல் நகரமன்றத்தின் பணிகளை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது.

பிறகு வந்தது 1961 மே 25. புக்கிட் ஹோ சுவீ என்ற கம்பத்தில் தீப்பிடித்தது. பலகை வீடுகள், அத்தாப்புக் கூரைகள், குறுகலான சந்துகள். தண்ணீரின் அழுத்தமும் போதவில்லை. நான்கு பேர் மாண்டார்கள். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களில் பலருக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குவீன்ஸ்டவுன் உள்ளிட்ட இடங்களில் அடுக்குமாடி வீடுகளைக் கொடுத்தது.

இந்தத் தீ நமக்கு ஒன்றைச் சொல்லித் தருகிறது. விலைமதிப்பு மிகுந்த வீட்டில் நிறைய வரி கிடைக்கும். ஆனால் அந்த வீடு கல்வீடு. வரி குறைவாகக் கிடைக்கும் பலகை வீட்டுக்குத்தான் தீயணைப்பு வண்டி அதிகம் தேவைப்படுகிறது. தேவை ஓரிடத்தில், பணம் வேறிடத்தில்.

இன்று சிங்கப்பூரில் சொத்துவரி அரசாங்கத்தின் பொது நிதிக்குப் போகிறது. தீயணைப்புக்கென்று தனியாக ஒதுக்கப்படுவதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதன்மேல் வரி போடுகிறார்கள். 2025-ஆம் ஆண்டு விதிப்படி, சொந்த வீட்டில் தாமே குடியிருப்பவருக்கு முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை. அதற்குமேல் 40,000 வரை நூற்றுக்கு நான்கு. மதிப்பு 15,000 வெள்ளி என்றால், 3,000 வெள்ளிக்கு மட்டும் 120 வெள்ளி வரி. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையோ நாடு முழுவதற்கும் பொது. 1989-இல் தீயணைப்புச் சேவை அதனோடு இணைந்தது. 995 என்ற எண்ணை அழைத்தால், மூவறை வீடா, மாளிகையா என்று யாரும் கேட்பதில்லை.

இனி, இதற்கு நேர்மாறான வழி ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவில் பல ஊர்களில், தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் தனிச் சொத்துவரி போடலாமா என்று மக்களையே கேட்கிறார்கள். தேர்தல் நாளில் வாக்குச் சீட்டிலேயே அந்தக் கேள்வி இருக்கும். சியாட்டில் நகரம் அடங்கிய கிங் மாவட்டத்தில் 1979-இல் ஆம்புலன்ஸ் சேவைக்காக இப்படி ஒரு வரிக்கு மக்கள் ஒப்புதல் அளித்தார்கள். வரி சில ஆண்டுகளுக்குத்தான் செல்லும். காலம் முடிந்தால் மறுபடி மக்களிடம் வரவேண்டும். 1997-இல் தேவையான 60 விழுக்காடு வாக்குகள் கிடைக்காமல் அது தோற்றது. அதிகாரிகள் மீண்டும் மக்களிடம் வந்து, 1998-இல் ஒப்புதல் பெற்றார்கள். 2019-இல் மக்கள் ஏற்ற விகிதம், வீட்டின் மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 26.5 சென்ட். ஐந்து இலட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 132 டாலர் 50 சென்ட். வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் அங்கே வாக்கு உண்டு. வாடகைக்குள் வரியும் அடங்கியிருக்கிறது அல்லவா?

இதில் ஒரு நன்மை உண்டு. பணம் எதற்கு என்று கணக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு தீமையும் உண்டு. ஊர் ஏழையானால் வரியும் சிறிது, வண்டியும் பழையது.

பொதுவரியே இல்லாமல், வேண்டியவர் மட்டும் சந்தா கட்டட்டும் என்றால் என்ன ஆகும்? டென்னசி மாநிலத்தின் ஒபயன் மாவட்டத்தில் 2010-இல் அது தெரிந்தது. நகருக்கு வெளியே இருப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் கட்டினால் சவுத் ஃபுல்டன் நகரின் தீயணைப்புப் படை வரும் என்பது ஏற்பாடு. ஒரு வீட்டார் கட்டவில்லை. அவர்கள் வீடு எரிந்தபோது, பணம் கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் தடுக்க வீரர்கள் வந்தார்கள். எரிந்த வீட்டை அணைக்கவில்லை. உலகமே அதைக் கேட்டுத் திகைத்தது.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். மலேசியாவில் 1976 ஜனவரி முதல் நாள் தீயணைப்புச் சேவையை மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஆகவே பொம்பாவுக்கான பணம் நாட்டின் பொது வருமானத்திலிருந்து வருகிறது. லயத்து வீடு நம் பெயரில் இல்லை. வீட்டுவரிச் சீட்டும் நம் கைக்கு வருவதில்லை. அதனால் 'நாம் வரி கட்டாதவர்கள், நமக்குக் கேட்க உரிமையில்லை' என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இது தவறு. கடையில் வாங்கும் பல பொருள்களின் விலையிலும் அரசாங்கத்தின் பங்கு அடங்கியிருக்கிறது. நம் வியர்வையில் விளைந்த இலாபத்திலிருந்துதான் தோட்ட நிறுவனமும் வரி செலுத்துகிறது. நாமும் கொடுக்கிறோம், ஆகவே நாமும் கேட்கலாம்.

எதைக் கேட்க வேண்டும்? மிக அருகிலுள்ள தீயணைப்பு நிலையம் எத்தனை மைல்? தோட்டத்துப் பாலம் அந்தக் கனமான வண்டியைத் தாங்குமா? லயத்துக்குள் வண்டி திரும்ப இடமுண்டா? வண்டி உறிஞ்சிக்கொள்ளத் தண்ணீர் எங்கே இருக்கிறது? மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் வர வேறு பாதை உண்டா? இவற்றை எழுதி, தொழிற்சங்கத்தின் வழியாகத் தோட்ட நிர்வாகத்திடமும், தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுக்கலாம். அமெரிக்காவைப் போல வரிக்கென்று நம்மிடம் தனி வாக்குச் சீட்டு இல்லை. ஆனால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டு இருக்கிறது. வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலையைப் பற்றிக் கேட்கிறோம், கோயிலைப் பற்றிக் கேட்கிறோம். தீயணைப்பு வண்டியைப் பற்றியும் கேட்போம்.

வீட்டிலும் ஒரு வேலை செய்வோம். 999 என்ற எண்ணையும், தோட்டத்தின் பெயரையும், எந்த டிவிஷன் என்பதையும், நெடுஞ்சாலையிலிருந்து வரும் வழியையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து வைப்போம். வண்டிக்கு நாம் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டோம். அது வழிதெரியாமல் நிற்கக் கூடாது.