ஊசி முதல் முடிவுத்தாள் வரை: ஆய்வக மாணவரின் பயிற்சி ஆண்டு

மருத்துவர் எழுதித் தரும் சீட்டுக்கும் நோயாளியின் கைக்கு வரும் பரிசோதனை முடிவுக்கும் இடையில் நடப்பதெல்லாம் கருவியின் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஒருபுறம் ரத்தத்தை வைத்தால் மறுபுறம் எண்கள் அச்சாகி வந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை முழுவதும் பொய்யன்று. ஆயினும் உள்ளே போகும் ரத்தம் உரியவருடையதுதானா, உரிய முறையில் எடுக்கப்பட்டதா, வெளிவரும் எண் நம்பத்தக்கதா என்னும் கேள்விகளுக்கு விடை காண்பது பெரும்பாலும் மனிதரின் பொறுப்பாகவே இருக்கிறது. அந்தப் பொறுப்பைப் பழக்கமாக்குவதற்கே மருத்துவ ஆய்வகப் படிப்பில் பயிற்சிக் காலம் என்ற ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் இத்துறைக்கு வர இரண்டு வழிகள் பெரிதும் வழக்கத்தில் உள்ளன. ஒன்று டி.எம்.எல்.டி. எனப்படும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. மற்றொன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கும் பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம். பின்னதில் மூன்றாண்டு வகுப்புகளுக்குப் பிறகு ஓராண்டுக் கட்டாயப் பயிற்சி உண்டு. சர்க்கரை, உப்பு, கொழுப்பு போன்றவற்றை அளக்கும் உயிர்வேதியியல், ரத்த அணுக்களைப் பார்க்கும் ரத்தவியல், கிருமிகளை வளர்த்து அடையாளம் காணும் நுண்ணுயிரியல், ரத்த வங்கி, அறுத்தெடுத்த திசுவை மெல்லிய சீவல்களாக்கிப் பார்க்கும் நோய்க்கூறியல் ஆகிய பிரிவுகளில் மாணவர் சுழற்சி முறையில் பணியாற்றுகிறார். இவற்றுள் எதில் தொடங்கினாலும், பயிற்சியின் கடினமான பகுதி ரத்தம் எடுக்கும் அறையில்தான் இருக்கிறது.

அங்கு கற்க வேண்டிய முதல் பாடம் ஊசி குத்துவது அன்று, பெயர் கேட்பது. ‘நீங்கள்தானே முருகேசன்?’ என்று கேட்டால், காது மந்தமானவரும் களைத்துப் போனவரும் ஆமென்று தலையாட்டிவிடக் கூடும் என்பதால், ‘உங்கள் பெயர் என்ன, வயது என்ன?’ என்று கேட்டு, வரும் விடையைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையும் நோயாளி எதிரில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ஐந்தாறு குழாய்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு ஒட்டலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் ஒருவருடைய ரத்தம் இன்னொருவருடைய பெயரில் போகிறது. அடுத்து, கையில் கட்டும் இறுக்குப் பட்டை. அது ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தால், சிரையில் தேங்கிய ரத்தத்திலிருந்து நீர் கசிந்து வெளியேறிப் புரதங்களின் அளவு உயர்ந்து தெரியும். நோயாளி முஷ்டியை மடக்கி மடக்கித் திறந்தால் பொட்டாசியம் ஏறும். குளுக்கோஸ் ஏற்றப்படும் கையிலேயே ரத்தம் எடுத்தாலோ, அளக்கப்படுவது நோயாளியின் சர்க்கரையாக இராது, புட்டியில் உள்ள சர்க்கரையாகத்தான் இருக்கும்.

குழாய்களின் மூடிகள் பல வண்ணங்களில் இருப்பதை ரத்தம் கொடுத்தவர்கள் கவனித்திருப்பர். அவை அழகுக்காக அல்ல. நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் உள்ளது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கு பிசகாதிருக்க, குறித்த கோடு வரை ரத்தம் நிரம்பியாக வேண்டும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் உறையவிடப்பட்டு, பிறகு மையவிலக்கியில் சுழற்றப்பட்டு, மேலே தெளியும் சீரம் பிரித்தெடுக்கப்படுகிறது. ஊதா மூடியில் இருப்பது ஈடிடிஏ. அணுக்களை எண்ணுவதற்கு அதுவே உகந்தது. சாம்பல் மூடியில் உள்ள ஃபுளோரைடு, சர்க்கரையைக் காக்கிறது. ஏனெனில் உடலை விட்டு வந்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கின்றன, அறை வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு வரை அளவு இறங்கிவிடும்.

இக்குழாய்களை நிரப்புவதில் ஒரு வரிசை உண்டு: நீலம், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், அதன்பின் ஊதா, இறுதியில் சாம்பல். மாணவர் இதை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல் காரணத்தையும் அறிந்தாக வேண்டும். ஈடிடிஏ என்பது பொட்டாசியம் உப்பாகச் சேர்க்கப்படுவது; ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் தொழில். ஊதாக் குழாயிலிருந்து சில துளிகள் சிவப்புக் குழாய்க்குள் போய்விட்டால், பொட்டாசியம் உயிருக்கு ஆபத்தான அளவு உயர்ந்தும் கால்சியம் நம்ப முடியாத அளவு தாழ்ந்தும் முடிவு வரும். கருவி அதைப் பழுதின்றி அளந்திருக்கும். அளக்கப்பட்ட பொருள்தான் கெட்டுப்போயிருக்கும்.

இது மிகையான அச்சம் அன்று என்பதற்கு இத்தாலியின் படுவா நகர மருத்துவமனை ஆய்வகத்தில் நடந்த ஆய்வு சான்று. பிளெபானி, கராரோ ஆகிய இருவர் 1997இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கண்டறியப்பட்ட பிழைகளில் 68.2 விழுக்காடு, மாதிரி கருவியை அடைவதற்கு முந்திய கட்டத்தில் நிகழ்ந்தவை. பரிசோதனைக் கட்டத்தில் நேர்ந்தவை 13.3 விழுக்காடு மட்டுமே. பத்தாண்டு கழித்து அதே ஆய்வகத்தில் மீண்டும் பார்த்தபோதும் முற்கட்டப் பிழைகளின் பங்கு 61.9 விழுக்காடாக இருந்தது. இயக்கத் தெரிந்தால் போதும் என்று விலையுயர்ந்த கருவிகளின் முன் மாணவர்களை நிறுத்திவிடும் பயிற்சி எவ்வளவு அரைகுறையானது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

கருவி தவறும் இடமும் இல்லாமல் இல்லை. டெங்கு பரவும் மழைக்காலத்தில் ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்ற கேள்வி வீட்டுக்கு வீடு ஒலிக்கிறது. ரத்தம் உறைய உதவும் இத்தட்டணுக்கள் சாதாரணமாக ஒரு மைக்ரோ லிட்டரில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருக்கும். சிலருடைய ரத்தத்தில், ஈடிடிஏ பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடுகின்றன. கொத்தைத் தட்டணு என்று அறியாத கருவி, முப்பதாயிரம் நாற்பதாயிரம் என்று குறைத்துச் சொல்லிவிடுகிறது. ரத்தம் எடுத்தவுடன் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி எட்டுப் பத்து முறை கலக்காமல் விட்டாலும் சிறு உறைவுகள் உண்டாகி இதே விளைவு நேரும்.

உண்மையை அறிய ஒரு கண்ணாடித் தகடு போதும். தகட்டின் ஒரு முனையில் சிறு துளி ரத்தத்தை வைத்து, இன்னொரு தகட்டை 30 முதல் 45 பாகை வரை சாய்த்துத் துளியைத் தொடும்வரை பின்னிழுத்து, துளி விளிம்பெங்கும் பரவியதும் தயக்கமின்றி ஒரே வீச்சில் முன்தள்ள வேண்டும். நாக்கின் வடிவில் பரவி நுனியில் மெலிந்து முடியும் ரத்தப் பூச்சு கிடைக்கும். கை நடுங்கினால் பூச்சில் அலைகள் விழும். துளி பெரிதானால் தகட்டின் கோடிவரை ஓடிவிடும். உலர்ந்த பூச்சின் மேல் லீஷ்மன் சாயத்தை ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்துத் தாங்கல் நீரைச் சேர்த்துச் சில நிமிடம் வைத்துக் கழுவினால், சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பாகவும் வெள்ளணுக்களின் கருக்கள் ஊதாவாகவும் தெரியும். சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவியிருக்கும் பகுதியைத் தேடி, எண்ணெய்த் துளியிட்டு உயர் உருப்பெருக்கத்தில் பார்க்கும்போது பூச்சின் நுனியில் தட்டணுக் கொத்துகள் தென்பட்டால், கருவி சொன்ன எண் பொய் என்பது தெளிவாகிவிடும். அப்போது சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து எண்ணுவர். பயிற்சி மாணவர் நூற்றுக்கணக்கான பூச்சுகளை இழுத்துப் பழகியாக வேண்டும் என்று மூத்த நுட்புநர்கள் வற்புறுத்துவது பழைமைப் பற்றினால் அன்று.

கருவியை அன்றாடம் சோதிக்கும் முறையும் பயிற்சியில் அடங்கும். அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியை நோயாளிகளின் மாதிரிகளுக்கு முன்னதாக ஓட்டி, கிடைத்த எண்ணை வரைபடத்தில் புள்ளியாகக் குறிப்பர். லெவி, ஜென்னிங்ஸ் ஆகியோர் 1950இல் அறிமுகப்படுத்திய அவ்வரைபடம் அவர்களின் பெயராலேயே வழங்குகிறது. புள்ளிகள் எப்போது எல்லை மீறியதாகக் கொள்வது என்பதற்கு வெஸ்ட்கார்ட் 1981இல் வகுத்த விதிகள் இன்றும் பின்பற்றப்படுகின்றன. புள்ளி எல்லைக்கு வெளியே விழுந்த நாளில், கூட்டம் எவ்வளவு காத்திருந்தாலும் காரணம் தெரியும்வரை முடிவு வெளியிடக் கூடாது. எழுத எளிதான இந்த விதி, காலை ஒன்பது மணிக்கு வரிசை வாசல்வரை நீளும்போது கடைப்பிடிக்கக் கடினமானது.

முடிவுத்தாளில் அச்சாகும் இயல்பளவு பற்றியும் ஒரு சொல். அது பொதுவாக, நலமுள்ளோரில் 95 விழுக்காட்டினரின் அளவுகள் அடங்கும் எல்லையாக வகுக்கப்படுகிறது. எனவே எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவருக்கு எண் எல்லைக்கு வெளியே போவது எதிர்பார்க்கத்தக்கதே. தடித்த எழுத்தில் வந்த ஒற்றை எண்ணைக் கண்டு கலங்குவோர் இதை அறிந்திருத்தல் நல்லது.

மாணவரின் பாதுகாப்பும் பேசப்பட வேண்டியது. கிருமியுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு, தடுப்பூசி போடாதவர்க்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 30 விழுக்காடு வரை போகக்கூடும். ஆகையால் மூன்று தவணை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முடியாமல் மாணவர் கையில் ஊசி கொடுப்பது முறையாகாது. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலும்போதுதான் விரலில் குத்திக்கொள்வோர் பலர். அதனை அப்படியே துளைபடாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அமைந்த நடைமுறை. குத்துப்பட்டால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், கூடுமானால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். ஏச்சுக்கு அஞ்சி மாணவர் வாய் மூடிக்கொள்ளும் ஆய்வகம், பயிற்சி தரும் தகுதியை இழந்துவிடுகிறது.

பயிற்சி மாணவரைக் கூலியில்லா ஆளாக எண்ணி ஆண்டு முழுவதும் ரத்தம் எடுக்கும் மேசையிலேயே உட்கார வைப்பதும், அதற்கு நேர்மாறாக ‘தொடாதே, பார்’ என்று ஓரத்தில் நிறுத்துவதும் ஒரே அளவில் தவறானவை. எத்தனை மாதிரிகளைக் கையாண்டார் என்று பயிற்சிப் பதிவேட்டில் எழுதுவதைவிட, எத்தனை மாதிரிகளை, என்ன காரணத்துக்காக ஏற்க மறுத்தார் என்று எழுதச் செய்தால், கற்றதன் அளவு சரியாகத் தெரியும்.

நோயாளிகளாகச் செல்வோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஏற்கெனவே சொன்ன பெயரை மாணவர் மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாமல் முழுப் பெயரையும் வயதையும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் வரச் சொல்லியும் காலையில் காபி குடித்திருந்தால், ஊசி குத்துமுன் அதையும் சொல்லிவிட வேண்டும்.