புரதம் தராத டி.என்.ஏ. பயனற்றதா?

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதரில் பெரும்பாலோர் 1948-க்குப் பின் இஸ்ரேலில் குடியேறிவிட்டனர். இம்மக்களின் டி.என்.ஏ.வை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 2016-இல் வெளிவந்தது. இந்திய மூதாதையர், யூத மூதாதையர் ஆகிய இரு வழிகளும் அவர்களிடம் கலந்துள்ளன என்றும், யூத வழிக் கலப்பு சுமார் 470 முதல் 730 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்றும் அது காட்டியது.

இத்தகைய ஆய்வுகளில் ஒப்பிடப்படும் அடையாளங்களில் மிகப் பெரும்பாலானவை, புரதம் உருவாக்கக் கட்டளையிடும் பகுதிகளுக்கு வெளியே உள்ளவை. அப்படியாயின், அவ்வெளிப் பகுதிக்கு உடலில் வேலை ஏதும் உண்டா?

குப்பை என்ற பெயர்

மனித டி.என்.ஏ.யில் சுமார் 300 கோடி வேதியியல் எழுத்துக்கள் உள்ளன. இவற்றுள் புரதத்திற்கான கட்டளையைத் தாங்குபவை 2 சதவீதத்திற்கும் குறைவே. எஞ்சியவற்றில் பெரும்பகுதியைக் 'குப்பை' எனும் சொல்லால் 1972-இல் குறித்தவர் சுசுமு ஓனோ. அவ்வளவும் இன்றியமையாததாக இருப்பின், தலைமுறைதோறும் நேரும் பிழைகளின் சுமையை மனித இனம் தாங்கியிராது என்பது அவர் வாதம்.

கொச்சி யூதர் ஆய்வு இவ்வாதத்தை மறுக்கவில்லை. தீமையோ நன்மையோ செய்யாத மாற்றங்களே தடையின்றி வழிவழியாக வருகின்றன. ஆகவே அவை வமிசத்திற்குச் சாட்சியாகின்றன. ஆய்வாளருக்குப் பயன்படுவதனாலேயே அவை உயிரணுவுக்கும் பயன்படுகின்றன என்று கொள்ளலாகாது.

ஓர் எழுத்தின் பிழை

ஆயினும், எல்லாப் பகுதியும் வாளாவிருப்பதன்று. இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குரிய பீட்டா மரபணுவின் நடுவே, புரதம் தராத 'இன்ட்ரான்' என்னும் இடைப்பகுதிகள் உள்ளன. மரபணுவின் நகலிலிருந்து இவை வெட்டி நீக்கப்பட்ட பின்னரே புரதம் உருவாகும். முதல் இடைப்பகுதியின் ஐந்தாம் எழுத்து மாறினால் வெட்டுமிடம் தவறுகிறது, ஹீமோகுளோபின் குறைகிறது. இந்தியாவில் பீட்டா தலசீமியா நோய்க்கு மிகுதியாகக் காரணமாவது இந்த ஒற்றை எழுத்து மாற்றமே. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெறும் குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற நேரிடலாம்.

மறைந்திருந்த விசை

கருவிலிருக்கும் குழந்தைக்குத் தனி வகை ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த பின் அதன் உற்பத்தியை அடக்குவது பி.சி.எல்.11ஏ என்னும் மரபணு. சிவப்பணுக்களை உருவாக்கும் உயிரணுக்களில் இம்மரபணுவை முடுக்கிவிடும் விசை, அதன் இடைப்பகுதி ஒன்றில் அமைந்துள்ளது. அவ்விசையை மட்டும் வெட்டிச் செயலிழக்கச் செய்தால், கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கிறது; பிற உயிரணுக்களில் மரபணுவின் பணி கெடுவதில்லை. இம்முறையிலான சிகிச்சைக்கு, அரிவாளணு இரத்தசோகை, தலசீமியா ஆகிய இரு நோய்களுக்கும் 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி வழங்கியது.

அளந்து கூறுதல் நன்று

டி.என்.ஏ.யில் 80 சதவீதம் ஏதேனும் ஒரு வேதிச் செயலில் பங்கு கொள்கிறது என 2012-இல் 'என்கோட்' திட்டம் அறிவித்தது. செயல் காணப்படுவதாலேயே பயன் உண்டெனக் கூற இயலாது என அறிஞர் பலர் மறுத்தனர். பரிணாமத்தில் பேணிக் காக்கப்பட்ட பகுதி சுமார் 10 சதவீதமே என்பது அவர்கள் சுட்டும் மதிப்பீடு. எனவே முழுவதும் குப்பையென்பதும் முழுவதும் பயனுடையதென்பதும் பொருந்தா. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே சான்று வேண்டும்.

இது ஆய்வுக்கூடத்தோடு நிற்கும் செய்தியன்று. புரதப் பகுதியை மட்டும் படிக்கும் மரபணுச் சோதனை நோயின் காரணத்தைத் தவறவிடக்கூடும். புதிய சிகிச்சையோ பெருஞ்செலவு பிடிப்பது. ஆனால் தலசீமியாவைத் தாங்குவோரை எளிய இரத்தப் பரிசோதனையால் கண்டறியலாம். தாய் தந்தை இருவரும் தாங்குவோராயின், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். திருமணத்திற்கு முன்போ கருவுற்ற தொடக்கத்திலோ இப்பரிசோதனை எட்டாத குடும்பங்களுக்கு அதனைக் கொண்டு சேர்ப்பதே பொது நலத்துறையின் முதற்பணியாகும்.