நியூ ஜேர்சிக் கடலடியில் கிடக்கும் கப்பல்கள்: படகேறிப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கோடை பிறந்ததும் இங்கு புதிதாக வந்த குடும்பங்கள் எங்களிடம் கேட்பது, "கடற்கரைக்கு எப்படிப் போவது?" என்பதைத்தான். போவது சுலபம். போய்க் காலை நனைத்து, கட்டிக்கொண்டு போன சோற்றுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். ஆனால் அந்த அலைகளுக்கு அப்பால் கடலின் அடியில் எத்தனையோ கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன என்பதும், காசு கொடுத்தால் அந்த இடங்களுக்குக் கூட்டிச் செல்லப் படகுகள் இருக்கின்றன என்பதும் எம்மவர் பலருக்குத் தெரியாது.

இந்தக் கரையின் கடலடி பெரும்பாலும் வெறும் மணல். பாறை குறைவு. ஆகவே கப்பலொன்று தாண்டால் அதுவே மீன்களுக்குப் பாராகிவிடுகிறது. சிப்பி ஒட்டும், சிங்கி இறால் வளை பிடிக்கும், பார்வைக்கு எங்கள் கலவாயைப் போன்ற கறுப்பு சீ பாஸ் வந்து கூடும். இதை அறிந்து மாநில அரசே 1984 முதல் பழைய கப்பல்களையும் படகுகளையும் துப்புரவாக்கித் தாழ்த்தி வருகிறது. 2011ஆம் ஆண்டில் 563 அடி நீளமான ஆதர் றட்போர்ட் என்ற போர்க்கப்பலைக் கேப் மேக்கு அப்பால் மூன்று மாநிலங்கள் சேர்ந்து தாழ்த்தின. அயல் மாநிலமான டெலவெயார் நியூயோர்க்கின் பழைய சுரங்க ரயில் பெட்டிகளையே கடலுக்குள் தள்ளியது. ஊரில் பழைய பஸ்களைக் கடலில் போட்டபோது பேசிய ஏச்சு நினைவிருப்பவர்கள் சிரிக்கக்கூடும்!

படகுகள் இரண்டு வகை. பெல்மார், பொயின்ற் பிளசன்ற் பீச், பார்னிகற் லைற், கேப் மே ஆகிய துறைகளிலிருந்து தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பலரையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகுகள் ஒருவகை. 'பார்ட்டி போட்' என்பார்கள். பெயரைக் கேட்டுக் கொண்டாட்டப் படகென்று நினைத்துப் பட்டுச்சேலையோடு போய்விட வேண்டாம். தூண்டிலும் இரையும் அவர்களிடமே உண்டு. கார் இல்லாதவர்களும் போகலாம். பெல்மாருக்கும் பொயின்ற் பிளசன்றுக்கும் ரயில் ஓடுகிறது. மற்றது, ஒரு சிறு கூட்டமாக முழுப் படகையும் வாடகைக்கு அமர்த்துவது. நான்கு குடும்பத்து ஆண்கள் சேர்ந்தால் பங்கு போட்டுக் கட்டக்கூடிய காசுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். காசு வாங்கி ஆட்களை ஏற்றும் எந்தக் கப்டனிடமும் அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் உரிமம் இருக்கவேண்டும். பரிசோதிக்கப்படாத சிறிய படகு காசுகொடுத்த பயணிகள் ஆறு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. அதற்கு மேற்பட்டால் காவற்படை பரிசோதித்துக் கொடுத்த சான்றிதழ் படகிலே மாட்டியிருக்கும். எத்தனை பேர் ஏறலாம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். உரிமத்தைக் கேளுங்கள். உயிர்காப்பு அங்கி எங்கே, பிள்ளைகளுக்கு அளவானது உண்டா என்றும் கேளுங்கள். முன்னொரு காலம் நாங்கள் ஏறிய படகுகளில் எதையும் கேட்கும் நிலையில் நாங்கள் இருக்கவில்லை. இங்கே கேட்கலாம். கேட்டால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை.

எங்கள் வேலைத்தலத்து நண்பர்களின் குடும்பங்கள் சேர்ந்து போனபோது இரண்டு தாய்மார் இறங்குதுறையிலேயே நின்றுவிட்டார்கள். நாங்கள் வற்புறுத்தவில்லை. இதே அத்திலாந்திக் சமுத்திரத்தின் வடக்கே, நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால், 1986 ஆகஸ்ட் 11இல் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் அலைந்துகொண்டிருந்ததையும், கனடிய மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றியதையும் யார் மறப்பார்? கடலைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் எம்மில் இருக்கிறார்கள். அப்படியானவர்கள் கேப் மேயிலுள்ள சண்செற் பீச்சுக்குப் போகலாம். 1926இல் கரைதட்டிய அற்லாண்டஸ் என்ற சீமெந்துக் கப்பலின் எச்சத்தைக் கரையில் நின்றே காணலாம். இப்போது எஞ்சியிருப்பது கொஞ்சந்தான். பீச் ஹேவனில் உள்ள கடல்சார் நூதனசாலையில், 1934 செப்ரெம்பரில் தீப்பிடித்து 137 உயிர்களைப் பலிகொண்டு அஸ்பெரி பார்க் கரையில் வந்து ஒதுங்கிய மொறோ காசில் கப்பலின் பொருட்கள் உண்டு.

அடுத்த சில மாதங்களில், அதே கம்பனிக்காக ஓடிய மொஹோக் கப்பல் 1935 ஜனவரி 24இல் நோர்வேக் கப்பலொன்றுடன் மோதித் தாண்டது. அது எண்பது அடி ஆழத்தளவில் உடைந்து பரந்து கிடக்கிறது. சுழியோடப் பழகியவர்கள் இறங்கும் இடங்களில் இதுவும் ஒன்று. பழகாதவர் இறங்க முடியாது. முறையான பயிற்சி பெற்றுச் சான்று அட்டை காட்டினால்தான் படகுக்காரர் ஏற்றுவார். பொழுதுபோக்காகச் சுழியோடுவோருக்கு 130 அடியே எல்லை. ஆடி மாதத்திலும் அடித்தண்ணீர் குளிர்ந்து நடுக்கும். பாசிக்குடாத் தண்ணீரைப் போலத் தெளிவாயிருக்கும் என்று எண்ணவேண்டாம்.

1942ஆம் ஆண்டு இந்தக் கரைக்குப் பொல்லாத ஆண்டு. ஜேர்மன் நீர்மூழ்கிகள் வந்து பதுங்கிக் கிடக்க, கரையோர நகரங்களோ விளக்குகளை அணைக்காமல் இருந்தன. அந்த வெளிச்சத்தில் கப்பல்கள் நிழலாகத் தெரிந்தன. பெப்ரவரி கடைசியில் ஆர்.பி. றீசர் என்ற எண்ணெய்க் கப்பல் டோர்ப்பீடோ பட்டு எரிந்தது. தப்பியவர் இருவர். அதைப் பார்க்கப் போன ஜேக்கப் ஜோன்ஸ் போர்க்கப்பலை, அதே நீர்மூழ்கி 28ஆம் திகதி விடியற்காலை கேப் மேக்கு அப்பால் அடித்தது. தப்பியவர் பதினொருவர். ஆறு கிழமை கழியவில்லை, ஏப்ரல் 9இல் எங்கள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். மட்டக்களப்பார் அந்த இடத்தை இன்றும் கைகாட்டிச் சொல்வார்கள்.

ஆனால் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது 1991இல் அகப்பட்ட கப்பல்தான். மீன்பிடிக் கப்டன்கள் தாம் அறிந்த இடங்களின் இலக்கங்களை மற்றவருக்குச் சொல்லமாட்டார்கள். கோயில் கோபுரத்தையும் பனையையும் நேர்பிடித்துக் கண்ட இடத்தை எங்கள் சம்மாட்டிமார் மறைத்தது போலத்தான். அப்படி ஒருவர் மனமிரங்கிக் கொடுத்த இலக்கத்தை வைத்துக்கொண்டு, பிறியெல் துறையிலிருந்து கப்டன் பில் நாகிளின் 'சீக்கர்' படகு அறுபது மைல் தள்ளிப் போனது. ஜோன் சற்றர்ரன் என்ற சுழியோடி 230 அடியில் கண்டது ஒரு ஜேர்மன் நீர்மூழ்கி. எந்தப் பட்டியலிலும் அங்கே ஒரு நீர்மூழ்கி இல்லை. பெயர் தேடி இறங்கியவர்களில் மூவர் இரண்டு வருடத்துக்குள் உயிரிழந்தார்கள். அவர்களில் இருவர் தகப்பனும் மகனும்.

உள்ளே எலும்புகள் கிடந்தன. அவற்றைக் கிளறுவதில்லை என்று சுழியோடிகள் தீர்மானித்தார்கள். கிளறித் தேடியிருந்தால் பெயர் முன்னரே கிடைத்திருக்கலாம். சற்றர்ரனும் றிச்சி கோலரும் ஆறு வருடம் பொறுத்து, 1997இல், உதிரிப்பாகப் பெட்டியொன்றின் தகட்டில் யூ-869 என்ற இலக்கத்தைக் கண்டார்கள். அதிலிருந்த 56 பேரும் ஜிப்ரால்ரர் பக்கம் மாண்டதாகவே அதுவரை பதிவு இருந்தது. ஐம்பது வருடமாகப் பெற்றோரும் சகோதரரும் வேறொரு கடலை நினைத்து அழுதிருக்கிறார்கள். பின்னர் கோலர் ஜேர்மனிக்குப் போய் உறவினர் சிலரைச் சந்தித்தார். 2004இல் ரொபேட் கேர்சன் எழுதிய 'ஷடோ டைவர்ஸ்' நூலில் முழுக்கதையும் உண்டு. நூல்நிலையத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். காணாமற்போன பிள்ளையின் படத்தைச் சுவரில் மாட்டி, மாலை போடுவதா விடுவதா என்று தெரியாமல் இருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த வீடுகளில் இக்கதையைச் சொன்னபோது, "தகட்டை ஆர் கண்டது?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. வாந்தி மாத்திரையைப் படகேறியபின் போட்டுப் பயனில்லை; முன்கூட்டியே போடவேண்டும். எந்த மீன் எந்த மாதத்தில், எத்தனை, என்ன நீளத்தில் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. அது ஆண்டுதோறும் மாறும். அளவு குறைந்ததைத் திருப்பிக் கடலில் விடவேண்டும், ஒளித்தால் தண்டம். மீனைத் துப்புரவாக்கித் தரும் பொடியனுக்குச் சன்மானம் கொடுப்பது வழக்கம். அவனிடம் "தலையை எறியாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குழம்புக்கு உரியதெல்லாம் கடற்காகத்துக்குப் போய்விடும். நங்கூரம் போட்டதும் கீழே கிடக்கும் கப்பலின் பெயரைக் கப்டனிடம் கேளுங்கள். எங்களோடு வந்த குருநகர் ஐயா ஒருவர் தூண்டில் போடுமுன் அதைத்தான் கேட்டார். கப்டன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து நின்று சொன்னார்.