மூலத்தையே கண்டுபிடிக்காம விடை வருமா? இருபடிச் சமன்பாட்டில் ஒரு குறுக்குவழி!

'எக்ஸ் ஸ்கொயர் - 5எக்ஸ் + 3 = 0. இதன் மூலங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் என்ன வரும்?' 10-ம் வகுப்பு கணக்கில் இப்படிக் கேட்டால், பலரும் சூத்திரத்தைப் போட்டு மூலங்களைத் தேடக் கிளம்பிடுவாங்க. நடுவில் ரூட் 13 வந்து நிக்கும். அந்தப் பாடே வேண்டாம்.

எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னால் 1 இருந்தால், எக்ஸின் கெழுவைக் குறி மாற்றி எழுதினால் அதுதான் மூலங்களின் கூடுதல். கடைசி எண், பெருக்கற்பலன். இங்கே கூடுதல் 5, பெருக்கற்பலன் 3. இரண்டு எண்களின் கூடுதலை வர்க்கமாக்கினால், வர்க்கங்களோடு பெருக்கற்பலனின் இரு மடங்கும் ஒட்டிக்கிட்டு வரும். அதைக் கழிச்சா போதும்: 25 - 6 = 19.

16-ம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர் வியெட்டா பெயரில் வழங்கும் தொடர்பு இது.

மார்க் போவது எங்கே தெரியுமா? முன்னால் 1 இல்லாதபோது! 2எக்ஸ் ஸ்கொயர் - 9எக்ஸ் + 4 = 0 என்பதில் கூடுதல் 9 இல்லை, 9/2. பெருக்கற்பலனும் 4 இல்லை, 2. முதல் கெழுவால் வகுக்கணும். அவசரத்தில் இதுதான் மறந்துபோகும்.

விடையைச் சரிபார்க்கவும் இதுவே உதவும். இதன் மூலங்கள் 4, 1/2. கூட்டினால் நாலரை, பெருக்கினால் 2. தவறிப்போய் -1/2 என எழுதியிருந்தால், கூட்டும்போதே மூன்றரை வந்து காட்டிக்கொடுத்துடும்.