நாயின் காய்ச்சலுக்கு மெடிக்கல் மாத்திரை வேண்டாம்

மூக்கில் ரத்தம் வடிய, நாயைப் பழைய போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இந்தக் கோடையில் அதிகமாகிவிட்டார்கள். மேசையில் கிடத்தி மேலுதட்டை விலக்கினால் ஈறு வெளுத்திருக்கிறது. வயிற்றுத் தோலில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். காதைத் திருப்பிப் பார்த்தால் உள்மடிப்பில் ரத்தம் குடித்து ஊதிய உண்ணிகள் ஆமணக்கு விதை போல வரிசையாக ஒட்டிக்கிடக்கின்றன. எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "நாலஞ்சு நாளாச்சு டாக்டர். வெயிலுக்குத்தான் இப்படிப் படுத்திருக்குதுன்னு நெனச்சோம். மெடிக்கல்ல காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம்."

முதல் நாளே வந்திருந்தால் மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கும். இப்போது ரத்தம் ஏற்றினால்தான் உண்டு என்ற நிலை. நாய்களுக்கு ரத்த வங்கி எல்லா ஊரிலும் கிடையாது. நோயில்லாத, நல்ல எடையுள்ள இன்னொரு நாயைத் தேடி வீட்டுக்காரர் தெருத்தெருவாக அலைய வேண்டும். நாய் கிடைத்து, ரத்தம் பொருந்தி, ஏற்றி முடிப்பதற்குள் பல நேரம் காலம் கடந்துவிடுகிறது.

தேறிவிட்டது என்று நம்பாதீர்கள்

நம் வீட்டு நாய்களின்மேல் ஏறும் பழுப்பு உண்ணி, கடிக்கும்போது எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகளை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. எர்லிக்கியா வந்தால் தட்டணுக்கள் குறையும். மூக்கில் ரத்தம் வருவதும் தோலில் புள்ளி விழுவதும் அதனால்தான். பபேசியா சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும், வெள்ளைவிழி மஞ்சளாகும். இரண்டும் சேர்ந்தே தாக்கிய நாய்களையும் பார்க்கிறோம்.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல் தொடங்கும். சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், கூப்பிட்டால் வாலை மட்டும் அசைக்கும், மாடிப்படி ஏறத் தயங்கும். எர்லிக்கியா வந்த பல நாய்கள் சில வாரத்தில் தானாகவே எழுந்து நடமாடவும் செய்யும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கிருமி போயிருக்காது. மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்து, எலும்பு மஜ்ஜையை முடக்கிய பிறகு மறுபடி தலைகாட்டும். அந்தக் கட்டத்தில் வரும் நாயைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் என்ற நல்ல மருந்து இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகக்கூடியதுதான். நான்கு வாரம் விடாமல், வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிட்டதும் மீதி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதே நாய், முன்பைவிட மோசமாக வருகிறது. பபேசியாவுக்கு மருந்தே வேறு. ஆகவே போன வருடத்துச் சீட்டைக் காட்டி மருந்து வாங்குவதும், பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்ததை வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

மனிதருக்கான மாத்திரை, மாட்டுக்கான மருந்து

இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாராசிட்டமால் நாய்க்கு ஏற்ற மருந்து அல்ல. அளவு மீறினால் கல்லீரல் கெடும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும், ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதமும் வீங்கும். பூனைக்கு ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். "குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்தானே டாக்டர், அது ஒண்ணும் செய்யாதே" என்பார்கள். குழந்தையின் உடம்பு வேறு, நாயின் உடம்பு வேறு.

உடம்புவலி மாத்திரைகள் இன்னும் மோசம். இபுபுரூபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைச் சாய்க்கக் கூடியவை. உண்ணிக் காய்ச்சலில் தட்டணு ஏற்கெனவே குறைந்து கிடக்கிறது. மூட்டு வலியில் நொண்டுகிறதே என்று அந்த நேரத்தில் இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். மறுநாள் தார் நிறத்தில் மலம் போகும். அப்போதுதான் எங்களிடம் வருகிறார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் முதலில் "ஒன்றும் கொடுக்கவில்லை" என்பார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள், நாங்கள் திட்டுவோம் என்று பயப்படாதீர்கள். கொடுத்த மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். சிகிச்சையே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

அடுத்தது, மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவாகத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது. நாய் உடம்பை நக்கும். அரைமணி நேரத்தில் வாயில் நுரை, நடுக்கம், வலிப்பு. சொறிக்கு வண்டியில் வடித்த பழைய எஞ்சின் ஆயில் பூசுகிறார்கள், புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெயும் பினாயிலும் ஊற்றுகிறார்கள், அந்துருண்டையைப் பொடித்து அடைக்கிறார்கள். புழு செத்தாலும் அந்த விஷம் தோல் வழியாகவும் நாக்கு வழியாகவும் உள்ளே போய்விடுகிறது. சொறிக்கும் புழுப்புண்ணுக்கும் இன்று எளிய சிகிச்சை உண்டு. எஞ்சின் ஆயிலோடு வரும் நாய்க்கு முதலில் அந்த எண்ணெயை எடுக்கவே பாதி நாள் போகிறது.

குட்டிகளின் ரத்தபேதி

ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டி வாந்தி எடுத்து, கவிச்சை நாற்றத்தோடு ரத்தபேதி போனால் முதலில் பார்வோ வைரஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். 1978-ல் அடையாளம் கண்ட இந்த நோய் இரண்டே ஆண்டில் உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோகிறது. மோர், மாதுளைத் தோல் கஷாயம், பேதி நிற்கும் மாத்திரை என்று வீட்டில் ஒரு நாளைக் கழித்தாலே குட்டியின் உடம்பில் நீர் வற்றிவிடும். வாந்தி எடுக்கும் குட்டிக்குச் சிரிஞ்சில் வலுக்கட்டாயமாகப் புகட்டுவதை அறவே விடுங்கள். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும். டிரிப்ஸ் ஏற்றத்தான் வேண்டும், அதுவும் அன்றைக்கே.

"ஒரு ஊசி போட்டாச்சுன்னு வித்தவர் சொன்னாரே" என்கிறார்கள். ஒரு ஊசி போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி, முதலில் போடும் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை போடுகிறோம். ஊசி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், தேதி, மருத்துவர் கையெழுத்து மூன்றும் இல்லாவிட்டால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வோவில் குட்டி இறந்த வீட்டில் அடுத்த வாரமே இன்னொரு குட்டி வாங்கி வராதீர்கள். அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயிலை நம்ப முடியாது. பிளீச்சிங் கரைசல்தான் வேலை செய்யும்.

வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சுகள்

"மூக்கு ஈரமா இருக்கு, அப்ப காய்ச்சல் இல்லை." மூக்கின் ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை. தூங்கி எழுந்த நல்ல நாயின் மூக்கு காய்ந்திருக்கும், 105 டிகிரி காய்ச்சலில் கிடக்கும் நாயின் மூக்கு ஈரமாக இருக்கலாம். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அதனால் தொட்டுப் பார்த்தால் நமக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

"நாட்டு நாய்க்கு ஒண்ணும் வராது." ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் நம் வெயிலைத் தாங்கும்; வீட்டுச் சாப்பாட்டில் நன்றாக வளரும். உண்மைதான். ஆனால் பார்வோவும் வெறிநோயும் இனம் பார்ப்பதில்லை. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் குட்டிக்குத்தான் ஊசி அவசரமாகத் தேவை. அதன் தாய்க்கு யாரும் ஊசி போட்டிருக்க மாட்டார்கள்.

"வெளியே விடுறதே இல்லை, எதுக்கு ஊசி?" உங்கள் செருப்பு வெளியே போய் வருகிறதே. எலி வீட்டுக்குள் வருகிறது. அதன் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி இருக்கலாம். மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையோடு வரும் நாய்களில் பல அப்படித்தான் நோயை வாங்கியவை. அந்த நோய் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும்.

"பூண்டு கொடுத்தா உண்ணி ஓடிடும்." உண்ணி ஓடாது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு அரைத்துப் புகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்பினால்தான் செய்தார்கள், நாய்க்கு அது புரியுமா?

"ஒரு ஈத்துக் குட்டி போட்ட பிறகுதான் ஆபரேஷன்." இந்த நம்பிக்கை எத்தனை பெட்டை நாய்களைக் கொன்றிருக்கிறது என்று சொல்லி மாளாது. குட்டி போட்டே ஆக வேண்டும் என்று மருத்துவத்தில் எந்த விதியும் இல்லை. கருத்தடை செய்யாத பெட்டைக்கு, பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் கோக்கலாம். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், வயிறு உப்பும், பின்பக்கம் சீழ் வடியும். சிலவற்றில் அதுவும் வெளியே தெரியாது, அதுதான் ஆபத்தானது. நடுவயது தாண்டிய பெட்டை ஓயாமல் தண்ணீர் குடித்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். இளம் வயதில் கருத்தடை செய்தால் இந்த நோய்க்கு இடமில்லை, மடிக்கட்டியும் வெகுவாகக் குறையும்.

"நக்கினாலே புண் ஆறிடும்." ஆறாது. நக்க நக்கப் புண் விரியும், தையல் பிரியும். கழுத்தில் கூம்பு மாட்டியிருந்தால் பாவமாகத்தான் இருக்கும். பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"முடியை மொட்டை அடிச்சா குளிர்ச்சி." ஹஸ்கி போன்ற இரட்டை ரோம நாய்களுக்கு அந்த ரோமம் வெயிலுக்கும் காப்பு. நிழல், காற்று, தண்ணீர் மூன்றும்தான் குளிர்ச்சி. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பத்து மணி வெயிலில் நடத்தாதீர்கள். மூச்சிரைத்து மயங்கினால் சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே தூக்கி வாருங்கள். ஐஸ் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பாலும் பிஸ்கட்டும் மட்டும் தின்று வளரும் குட்டியின் எலும்பு வளையும். பாயசத்தில் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சாக்லேட் இதயத்தைத் தாக்கும். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். பிரியாணி மிச்சமும் ஆட்டுக் கொழுப்பும் கணையத்தை வீங்க வைக்கும். பண்டிகைக்கு மறுநாள் வாந்தியோடு வரும் நாய்களே இதற்குச் சாட்சி.

பரிசோதனை

காய்ச்சலோடு வரும் நாய்க்கு நாங்கள் செய்வது இவ்வளவுதான்: ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் ஸ்மியர், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, தேவைப்பட்டால் கல்லீரல், சிறுநீரகச் சோதனை. பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

தினமும் மாலையில் ஐந்து நிமிடம் நாயைத் தடவுங்கள். காது மடிப்பு, கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், விரலிடுக்கு. உண்ணி இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்கவோ தீக்குச்சியால் சுடவோ வேண்டாம். கையில் எடுத்ததோடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். வயிறு நிறைந்த உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் மூலை, கூண்டின் இடுக்கு, கதவு நிலை எல்லாவற்றையும் சுத்தம் செய்து வெடிப்பைப் பூசி அடைத்தால்தான் பலன். மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. வலிப்பு வரும் நாயென்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால், நாயின் முதுகில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம், பூனை செத்துவிடும்.

வெறிநோய் ஊசியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். அரசு கால்நடை மருந்தகங்களிலும் போடுகிறார்கள். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டி இலவச முகாம்களும் நடக்கும். எந்த நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், அது உங்கள் வீட்டுக் குட்டியே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போய், சொல்லும் எல்லா நாளிலும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் அடி விழுமென்று கடிபட்டதை மறைப்பார்கள். திட்ட மாட்டேன் என்று இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவையுங்கள். வெறிநோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் எங்களாலும் முடியாது, மனித மருத்துவர்களாலும் முடியாது.

இதைப் படித்து முடித்ததும் நாயின் ஊசி அட்டையைத் தேடி எடுங்கள். தேதி தாண்டியிருந்தால் நாளைக் காலையில் நாயோடு வாருங்கள். அட்டையே கிடைக்கவில்லை என்றாலும் வாருங்கள், புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம்.